நாலு சக்கரமும் இழுக்குமா?

கார் நிக்கோபார் என்று ஒரு தீவு இருக்கிறது. பெயரில் வரும் ‘கார்’ நாம் ஏறிப் போகும் கார் அல்ல. மோட்டார் வண்டி உலகத்தில் வருவதற்கு முன்பே அந்தத் தீவுக்கு அந்தப் பெயர் இருந்தது. தீவு மக்கள் தங்கள் தீவைப் ‘பூ’ என்று சொல்கிறார்கள். சோழர் காலத்துத் தமிழர்கள் நிக்கோபாரை நக்கவாரம் என்றார்கள். ராஜேந்திர சோழன் வென்ற இடங்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. அதில் மாநக்கவாரமும் உண்டு.

போர்ட் பிளேர் நகருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. அங்கிருந்து தெற்கே சுமார் 270 கிலோமீட்டர் கடலில் போனால் கார் நிக்கோபார் வரும். பரப்பு சுமார் 127 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி மக்கள் சுமார் 17,800 பேர். மூஸ், மலாக்கா, லபாத்தி, சாவாய், பெர்கா, அரோங் என்று பல ஊர்கள். எங்கு பார்த்தாலும் தென்னை.

தீவில் மலை இல்லை. தட்டையான தரை. அப்படியானால் வண்டி ஓட்ட என்ன கஷ்டம்?

கஷ்டம் மேட்டில் இல்லை. மண்ணில் இருக்கிறது. கரையோரம் பவள மணல். உள்ளே போனால் பல இடங்களில் களிமண். சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு மழை அங்கே பெய்கிறது. தார்ச் சாலையில் போகும்வரை கவலை இல்லை. சாலையை விட்டுத் தென்னந்தோப்புக்குள் இறங்கினால் சக்கரம் சிக்கும்.

நிக்கோபார் மக்கள் கூட்டுக் குடும்பமாக வாழ்கிறவர்கள். அந்தக் கூட்டுக் குடும்பத்துக்குத் ‘துகேத்’ என்று பெயர். தோப்பும் பன்றிகளும் குடும்பத்துக்குப் பொது. ஒரு துகேத் பணம் சேர்த்து ஒரு பழைய வண்டி வாங்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேங்காய், கொப்பரை ஏற்ற வேண்டும். இரவில் யாருக்காவது பிரசவ வலி வந்தால் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

விற்பவர் இரண்டு வண்டிகளைக் காட்டுகிறார். “இரண்டிலும் நாலு சக்கரமும் இழுக்கும்” என்கிறார். அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்று இல்லை. ஒன்றுக்கு ஃபோர் வீல் டிரைவ் என்று பெயர். மற்றதற்கு ஆல் வீல் டிரைவ் என்று பெயர். மாற்றி வாங்கினால் பணம் போகும். மழை இரவில் வண்டி நடுவழியில் நின்றால் பணத்தை விடப் பெரியது போகும்.

வண்டி எதனால் நகர்கிறது?

மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். மாடு இழுக்கிறது. சக்கரம் சும்மா உருள்கிறது. சக்கரத்துக்கு அங்கே வேறு வேலை இல்லை.

மோட்டார் வண்டியில் இது தலைகீழ். அங்கே சக்கரம்தான் மாடு. எஞ்சின் சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் தரையைப் பிடித்துப் பின்னால் தள்ளுகிறது. அதனால் வண்டி முன்னால் போகிறது. தரையில் பிடி கிடைக்காவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். வண்டி நகராது.

சாதாரண வண்டியில் இரண்டு சக்கரங்கள்தான் மாடு. லாரியிலும் பழைய அம்பாசிடரிலும் பின் சக்கரங்கள். மாருதி 800 போன்ற கார்களில் முன் சக்கரங்கள். மற்ற இரண்டும் மாட்டு வண்டிச் சக்கரம் போல உருண்டு வருகின்றன. இழுக்கும் இரண்டும் சேற்றில் மாட்டினால் கதை முடிந்தது. மற்ற இரண்டும் நல்ல தரையில் நின்றாலும் உதவாது.

நாலு சக்கரத்தையும் மாடாக்கினால் என்ன? இந்த எண்ணம் பழையது. 1903ஆம் ஆண்டிலேயே நெதர்லாந்து நாட்டில் ஸ்பைக்கர் கம்பெனி அப்படி ஒரு காரைச் செய்தது. ஆனால் நாலையும் சேர்த்துக் கட்டுவது சுலபமாக இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

களத்து மாடுகள்

நெல் களத்தில் போரடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காரணம் உடனே புரியும். நாலைந்து மாடுகளை ஒரே கயிற்றில் வரிசையாகப் பிணைத்துச் சுற்றி ஓட்டுவார்கள். உள்பக்கம் இருக்கும் மாடு அடி அடியாக நகர்ந்தால் போதும். வெளிப்பக்கத்து மாடு வேகமாக நடக்க வேண்டும். சுற்று ஒன்றுதான். ஆனால் வெளி மாட்டுக்குத் தூரம் அதிகம்.

வண்டி வளைவில் திரும்பும்போதும் இப்படித்தான். வெளிச் சக்கரம் அதிகத் தூரம் உருள வேண்டும். உள் சக்கரம் குறைந்த தூரம் உருள வேண்டும். இரண்டையும் ஒரே கம்பியில் இறுக்கிச் சுற்றினால் ஒன்று தரையில் தேயும். அதற்காகத்தான் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் ஒரு பற்சக்கரப் பெட்டி இருக்கிறது. அதன் பெயர் டிஃபரன்ஷியல். லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால் பின் அச்சின் நடுவில் குடம் போலப் புடைத்திருக்கும். அதுதான்.

டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதையே சுற்றும். ஒரு சக்கரம் சேற்றில், மற்றது கெட்டித் தரையில் என்றால் சேற்றில் இருப்பதுதான் விர்ரென்று சுற்றும். கெட்டித் தரையில் இருப்பது அசையாமல் நிற்கும். சேற்றில் சிக்கிய வண்டியில் ஒரே ஒரு சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். காரணம் இதுதான்.

இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் உள்ள இந்தத் தகராறு முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவிலும் உண்டு. தெருவில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு வண்டியை ஓட்டித் திருப்பிப் பாருங்கள். ஈரத் தடத்தில் தெரியும். முன் சக்கரம் பெரிய வட்டம் போடும். பின் சக்கரம் அதற்கு உள்ளே சின்ன வட்டம் போடும். அதாவது வளைவில் முன் சக்கரம் அதிகத் தூரம் போகிறது. முன்னையும் பின்னையும் எப்படி இணைப்பது என்பதுதான் கேள்வி. இரண்டு வகை வண்டிகளும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

குட்டை கம்பி உள்ள வண்டி

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டைக் கம்பி இருக்கும். புதிய வண்டிகள் சிலவற்றில் அதற்குப் பதில் ஒரு திருகு இருக்கும். கியர் பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் என்று இன்னொரு பெட்டி. குட்டைக் கம்பி அந்தப் பெட்டிக்கானது.

சாதாரணமாக இந்த வண்டி பின் சக்கரங்களால் ஓடும். டிரைவர் கம்பியைத் தள்ளினால் முன் அச்சும் சேரும். இதைத்தான் ‘ஃபோர் வீல் போடுவது’ என்கிறார்கள். போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் பூட்டுப் போட்டது போல ஒன்றாகிவிடும். இரண்டும் ஒரே வேகம். பின் சக்கரம் சேற்றில் வழுக்கினாலும் முன் சக்கரத்துக்கு வர வேண்டிய இழுவை குறையாது. இந்தப் பூட்டில்தான் இதன் பலம் இருக்கிறது.

இன்னொரு பலமும் உண்டு. கம்பியை மேலும் தள்ளினால் லோ கியர் விழும். வேகம் பாதிக்கும் கீழே குறையும். இழுவை இரண்டு மடங்குக்கு மேல் கூடும். ஆள் நடக்கும் வேகத்தில் வண்டி ஊர்ந்து போகும். மணலில் இருந்து சுமையோடு வெளியே வர இந்த நிதானம்தான் வேண்டும்.

1941இல் அமெரிக்கப் படைக்காகச் செய்த ஜீப் இந்த வகை. இரண்டாம் உலகப் போரில் 6 லட்சம் ஜீப்புகளுக்கு மேல் செய்தார்கள். போருக்குப் பிறகு மகிந்திரா கம்பெனி அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. அதன் பிறகு நம் ஊரில் கூரைத் துணி போட்ட எந்த வண்டியும் ஜீப்தான்! ஜபல்பூரில் படைக்காகச் செய்த ஜோங்கா இந்த வகை. 1985இல் வந்த மாருதி ஜிப்சியும் இந்த வகை. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளத்துச் சூரியநெல்லியில் இருந்து கல்லும் குழியுமான பாதையில் ஏறுவதும் ஜீப்தான்.

இப்போது முக்கியமான விஷயம். ஃபோர் வீலைக் காய்ந்த தார்ச் சாலையில் போட்டுக்கொண்டே ஓட்டக்கூடாது.

ஏன்? முன் சக்கரம் அதிகத் தூரம் போக வேண்டும் என்று பார்த்தோம். ஆனால் பூட்டு விடாது. மணலிலும் சேற்றிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரி செய்துகொள்ளும். காய்ந்த தார்ச் சாலையில் வழுக்க வழி இல்லை. ஈரத் துணியைப் பிழிவது போல அச்சுகளும் கம்பிகளும் முறுக்கேறும். ஸ்டியரிங் கனக்கும். டயர் தேயும். குட்டைக் கம்பி திரும்ப வராமல் இறுகும். பிடிவாதமாக ஓட்டினால் உள்ளே பல் உடையும். கார் நிக்கோபாரில் பல் உடைந்தால் புதிய பாகம் கப்பலில் வர வேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பலும் தாமதம். அதுவரை வண்டி கொட்டகையில் கிடக்கும்.

புதிதாக வண்டி பழகுகிறவர்கள் இந்தத் தவறைத்தான் அதிகம் செய்கிறார்கள். நாலு சக்கரமும் இழுத்தால் பாதுகாப்பு என்று நினைத்து ஃபோர் வீலை எடுக்காமலே ஓட்டுகிறார்கள்.

தானாகப் பார்த்துக்கொள்ளும் வண்டி

ஆல் வீல் டிரைவ் வண்டியில் குட்டைக் கம்பி இல்லை. டிரைவர் எதையும் போட வேண்டாம், எடுக்க வேண்டாம்.

இதில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் பூட்டு இல்லை. சில வண்டிகளில் அங்கேயும் ஒரு டிஃபரன்ஷியல் இருக்கும். அது எப்போதும் நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும். வேறு சில வண்டிகளில் தட்டுகள் அடுக்கிய கிளட்ச் ஒன்று இருக்கும். அந்த வண்டி பெரும்பாலும் முன் சக்கரங்களால் ஓடும். முன் சக்கரம் வழுக்கத் தொடங்கினால் கருவிகள் அதைக் கண்டுபிடிக்கும். கண் இமைக்கும் நேரத்தில் கிளட்ச் இறுகும். பின் சக்கரங்களும் இழுக்கும். ஆபத்து நீங்கியதும் கிளட்ச் தளரும். டிரைவருக்கு இது தெரியக்கூடத் தெரியாது.

பூட்டு இல்லாததால் முறுக்கேறும் தொல்லை இல்லை. காய்ந்த சாலை, ஈரச் சாலை, பனி விழுந்த சாலை என்று எல்லாவற்றிலும் அப்படியே ஓட்டலாம். 1980இல் ஜெர்மனியின் ஆடி கம்பெனி ‘குவாட்ரோ’ என்ற காரைக் கொண்டு வந்தது. அது பனியிலும் சரளையிலும் நடக்கும் கார் பந்தயங்களில் மற்ற வண்டிகளை முந்தியது. இந்த வகைக்குப் பெயர் வந்தது அதனால்தான். சிம்லாவில் பனிக் காலத்தில் கார் ஓட்டுகிறவருக்கும், மழையில் ஊட்டி மலைப் பாதையில் ஏறுகிறவருக்கும் இது நல்ல துணை.

ஆனால் இது சாலைக்கான வண்டி. பெரும்பாலும் இதில் லோ கியர் கிடையாது. அடிப்பாகம் தரைக்கு அருகில் இருக்கும். ஆழமான மணலில் கிளட்ச் வகை வண்டியை ஐந்து, பத்து நிமிடம் அழுத்தி ஓட்டினால் தட்டுகள் சூடாகும். சூடு மீறினால் கருவியே கிளட்சைத் தளர்த்திவிடும். அப்போது முன் சக்கரம் மட்டும் இழுக்கும். மணலுக்கு நடுவில் வண்டி ‘இனி என்னால் முடியாது’ என்று கை விரிப்பது போலத்தான்.

இரண்டு குணமும் சேர்ந்த வண்டிகளும் உண்டு. இங்கிலாந்தில் 1970இல் வந்த ரேஞ்ச் ரோவர் அப்படிப்பட்டது. நடுவில் டிஃபரன்ஷியல் உண்டு. வேண்டும்போது அதைப் பூட்டலாம். லோ கியரும் உண்டு. விலைதான் எட்டாது.

மின்சாரம் வந்த பிறகு இன்னொரு வழியும் வந்தது. நடுவில் கம்பியே இல்லாமல் முன்னுக்கு ஒரு மோட்டார், பின்னுக்கு ஒரு மோட்டார் வைக்கிறார்கள். 1971இல் அமெரிக்க விண்வெளி வீரர்கள் நிலவில் ஓட்டிய வண்டியில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு மோட்டார் இருந்தது. மண் என்றால் அதுவும் மண்தானே!

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

கம்பெனிகள் வண்டியின் பின்னால் எழுதும் பெயரை நம்பி வாங்கக் கூடாது. மாருதி 2022இல் கிராண்ட் விட்டாரா என்ற காரைக் கொண்டு வந்தது. 2023இல் ஜிம்னியைக் கொண்டு வந்தது. நாலு சக்கரமும் இழுக்கும் கிராண்ட் விட்டாராவுக்கு ‘ஆல்கிரிப்’ என்று பெயர். ஜிம்னிக்கும் ‘ஆல்கிரிப்’ என்றுதான் பெயர். கூட வரும் அடைமொழி மட்டும் வேறு. ஆனால் முதலாவது கம்பி இல்லாத ஆல் வீல் டிரைவ். இரண்டாவது கம்பியும் லோ கியரும் உள்ள ஃபோர் வீல் டிரைவ்.

4×4 என்று ஒட்டியிருந்தால் என்ன அர்த்தம்? முதல் எண், வண்டியில் உள்ள சக்கரங்கள். இரண்டாவது எண், இழுக்கும் சக்கரங்கள். 4×2 என்றால் நாலில் இரண்டு இழுக்கும். படை லாரியில் 6×6 என்று இருக்கும். ஆனால் 4×4 என்பது பூட்டு உண்டா இல்லையா என்று சொல்லாது. வண்டிக்குள் ஏறிப் பார்க்க வேண்டும். குட்டைக் கம்பியோ திருகோ இருக்கிறதா? அதில் லோ இருக்கிறதா? இருந்தால் அதைப் போட்டு ஒரு மண் பாதையில் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். பழைய வண்டிகளில் பல ஆண்டுகள் போடாமலே விட்டுக் கம்பி துருப்பிடித்து நின்றிருக்கும். அப்படிப்பட்ட வண்டி வெறும் இரண்டு சக்கர இழுவை வண்டிதான். விலையும் அதற்குத் தகுந்தபடிதான் கொடுக்க வேண்டும்.

தீவுக்கு எது?

2004 டிசம்பர் 26 அன்று கார் நிக்கோபாரைச் சுனாமி தாக்கியது. ஊர்கள் பெரும்பாலும் கடற்கரையில்தான் இருந்தன. ஏராளமானோர் இறந்தார்கள். மலாக்காவில் இருந்த விமானப்படைத் தளம் பெரும் சேதம் அடைந்தது. கரை நிலமே சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்து போனது. கரையோரச் சாலை பல இடங்களில் அழிந்தது. அந்த நாட்களில் எந்தச் சக்கரமும் போதவில்லை. ஹெலிகாப்டர்தான் கை கொடுத்தது. சாலை அறுந்த இடத்தில் நாலு சக்கர இழுவை பாலம் ஆகிவிடாது.

பிறகு மக்கள் தீவின் உள்பக்கம் குடியேறினார்கள். அரசு அங்கே நிலையான வீடுகள் கட்டிக் கொடுத்தது. வீடு உள்ளே போனது. ஆனால் கப்பல் வருவது கரைக்குத்தான். பழைய தோப்புகளும் கரையோரம்தான். ஆக, தார்ச் சாலை, களிமண் பாதை, கடற்கரை மணல் மூன்றும் ஒரே நாளில் தேவைப்படலாம்.

வீடு தார்ச் சாலை ஓரம், வேலையும் கடைவீதியில் என்றால் சாதாரண இரண்டு சக்கர இழுவை வண்டியே போதும். அதிகப் பணம் வீண். டீசலும் வீண். மழையில் வழுக்கும் தார்ச் சாலைதான் கவலை என்றால் ஆல் வீல் டிரைவ் உதவும். தோப்புக்குள் போய்ச் சுமை ஏற்ற வேண்டும், மழை இரவிலும் களிமண் பாதையில் இறங்க வேண்டும் என்றால் லோ கியர் உள்ள ஃபோர் வீல் டிரைவ்தான் வேண்டும். வேகம் குறைவு, குலுக்கல் அதிகம். ஆனால் அமைப்பு எளிது. கிராமத்துப் பட்டறையிலேயே திறந்து பார்க்கலாம். கருவிகள் நிறைந்த வண்டியைத் தீவுப் பட்டறையில் சரி செய்வது கடினம். நாம் சொன்ன துகேத் குடும்பத்துக்குப் பொருத்தம் குட்டைக் கம்பி உள்ள வண்டிதான்.

ஒன்றை இரண்டு வகைக்காரர்களும் மறந்துவிடுகிறார்கள். பிரேக் எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்துக்கும்தான். இழுவை கூடினால் புறப்படுவது சுலபம். நிற்பது சுலபம் ஆகாது. ஈரச் சாலையில் ஜீப் நிற்கும் தூரமும் கார் நிற்கும் தூரமும் டயரைப் பொறுத்தது. ‘என் வண்டி நாலிலும் இழுக்கும்’ என்று வளைவில் வேகமாகப் போகிறவர்தான் வாய்க்காலில் விழுகிறார்.

மணலில் இறங்கும் முன்

ஃபோர் வீலை மணலுக்கு முன்பே போட வேண்டும். புதைந்த பிறகு போடுவது தாமதம். இறங்கும் முன் ஒருவர் அந்த வழியே நடந்து பார்ப்பது நல்லது. கால் கணுக்கால் வரை புதைந்தால் வண்டியும் புதையும்.

டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் பரந்து மணல் மேல் உட்காரும். ஒட்டகத்தின் பாதம் அகலமாக இருப்பது இதற்காகத்தான். சாலைக்கு வந்ததும் மறக்காமல் காற்று அடிக்க வேண்டும். காற்று குறைந்த டயரோடு தார்ச் சாலையில் வேகமாகப் போனால் டயர் வெடிக்கும்.

சக்கரம் நின்ற இடத்தில் சுற்றத் தொடங்கினால் உடனே காலை எடுக்க வேண்டும். மேலும் அழுத்துகிறவர் தன் வண்டிக்குத் தானே குழி தோண்டுகிறார். இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தள்ளிவிட்டு, தென்னை மட்டைகளை நெருக்கமாகப் போட வேண்டும். கார் நிக்கோபாரில் அதற்குப் பஞ்சம் இல்லை. பிறகு லோ கியரில் மெதுவாக ஏற்றலாம்.

கரையில் நிறுத்தும்போது கடல் ஏறும் நேரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உப்புத் தண்ணீர் பட்ட வண்டியை அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மேல் பக்கத்தை விட அடிப்பக்கம் முக்கியம். ஃபோர் வீலைப் போடும் பாகங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வேலை இல்லாவிட்டாலும் மாதம் ஒரு முறை மண் பாதையில் ஃபோர் வீலைப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினால் எண்ணெய் எல்லாப் பற்களிலும் படும். கம்பியும் இறுகாது.